கேமரா எங்கே திரும்ப வேண்டும்: ஆள்கடத்தல் பற்றி மும்பையில் ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு

ஆள்கடத்தலைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பாதிக்கப்பட்டவங்க யாராவது கேமரா முன்னால பேசுவாங்களா?" என்பதுதான். படம் தடம் மாறுவதும் அந்த இடத்தில்தான். முகம் கிடைத்துவிட்டால் படம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கண்ணீர், மங்கலான முகம், மெல்லிய இசை, முடிவில் ஒரு உதவி எண். பார்த்தவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார். தன் தெருவில் பலகாரம் போடும் பட்டறைக்கு ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பையனைப் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் வருவதில்லை.

கடத்தலுக்கு இரையானவரின் முகத்தில் கடத்தல் எப்படி நடந்தது என்ற விவரம் இல்லை. அது முன்பணத்தில் இருக்கிறது. ரயில் டிக்கெட்டில், ஏஜென்டின் கமிஷனில், முதலாளியின் கணக்கு நோட்டில், யார் கையில் ஆதார் அட்டை இருக்கிறது என்பதில் இருக்கிறது. கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் படம் பார்ப்பவருக்கு உபயோகமாகும், பேசியவருக்கும் ஆபத்து குறையும். இந்தக் கட்டுரையில் உள்ள சட்டம், ஒளி, ஒலி, பேட்டி எல்லாமே அந்த ஒரு முடிவைச் சுற்றித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தொடங்கினால் திரைக்கதையே கிடைத்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 370) ஆள்கடத்தலை ஐந்து வினைகளாகப் பிரிக்கிறது: ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது. சுரண்டும் நோக்கத்தோடு, மிரட்டியோ, பலவந்தமாகவோ, ஏமாற்றியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ, ஆசைகாட்டியோ இவற்றில் ஒன்றைச் செய்தாலும் குற்றம். "அவனாத்தான் சார் வந்தான்" என்ற பேச்சுக்கு இடமில்லை. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்று அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு. இரை ஒரு குழந்தை என்றால் 10 ஆண்டிலிருந்து ஆயுள் வரை.

இந்த ஐந்து வினைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மும்பையில் ஒரு இடத்தை எழுதிப் பாருங்கள். உசிலம்பட்டி, தேனிப் பக்கத்துச் சிறுவர்கள் மகாராஷ்டிரம் உள்ளிட்ட வடமாநில முறுக்கு கம்பெனிகளுக்குக் கொண்டுவரப்பட்டது பல மீட்பு வழக்குகளில் பதிவானது. அதையே எடுத்துக்கொள்வோம். ஆள் சேர்ப்பது ஊரில், பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. கொண்டுபோவது குண்டக்கல், சோலாப்பூர், புனே வழியாகக் கல்யாண், தாதர், குர்லா என்று இறங்கும் ரயிலில். தங்கவைப்பது பட்டறையின் மேல் பலகை போட்ட மாடியில். ஏறி இறங்க ஒரு இரும்பு ஏணி, அவ்வளவுதான். கைமாற்றுவது ஸ்டேஷன் வாசலிலோ டீக்கடையிலோ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. பெற்றுக்கொள்வது அடுப்பு முன்னால். இந்த ஐந்து இடங்களையும் காட்ட ஒரு பாதிக்கப்பட்டவரின் முகம்கூடத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த அடுப்பைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மாவு பிசைவது விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஒருவன் அச்சை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிய, இன்னொருவன் கொதிக்கும் எண்ணெயில் கம்பியால் திருப்பிப் போடுகிறான். எண்ணெய் தெறிப்பது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே. காய்ந்த இடத்தில் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள் நிற்கும். கேமராமேனுக்கு அந்தக் கை பிடித்துப்போகும். முகம் இல்லாமலே எல்லாவற்றையும் சொல்லும் காட்சி என்று தோன்றும். ஆனால் அந்தக் கை, முகத்துக்குச் சமமான அடையாளம். பெற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், முதலாளி கண்டுபிடித்துவிடுவார், ஊரில் கூடப் படித்தவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே வேலையைத் தெரிந்த, வயதுவந்த வேறு ஒரு தொழிலாளியின் கையைச் சம்பளம் கொடுத்து எடுங்கள். "இது மறு உருவாக்கம்" என்று திரையில் எழுதுங்கள். நேர்மை கெட்டுவிடாது.

கணக்கு நோட்டைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதற்கு ஒரு உதாரணக் கணக்கு. முன்பணம் 30,000 ரூபாய் வீட்டில் கொடுக்கப்படுகிறது. டிக்கெட்டும் ஏஜென்ட் கமிஷனும் 4,000, அதுவும் பையன் கணக்கில்தான். ஆக கடன் 34,000. சொன்ன சம்பளம் மாதம் 6,000. சாப்பாட்டுக்கு 3,000 பிடித்தம், ஊருக்கு அனுப்பியதாக 2,000. கடனில் கழிவது மாதம் 1,000. அடைபட 34 மாதம். இடையில் 5 நாள் காய்ச்சல் வந்தால் கூலி 1,000 போகிறது, மருந்துச் செலவு 1,500 கடனில் ஏறுகிறது. இரண்டரை மாதம் கூடிவிட்டது. ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, மேலிருந்து பார்க்கும் கேமரா, 90 வினாடி. திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு இதைவிடத் தெளிவாக வேறெதுவும் புரியாது. அதே தாளின் ஓரத்தில் அந்தத் தொழிலுக்கான அரசின் குறைந்தபட்சக் கூலியையும் எழுதுங்கள். ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று சொல்லிவிட்டது. சங்கிலியும் பூட்டும் தேட வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவும் தெரிந்திருக்க வேண்டும்: தொழிலாளி இது கொத்தடிமைக் கடன் என்று சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான்.

யாருடைய அடையாளத்தை வெளியிடக் கூடாது

இங்கே தவறு செய்தால் படம் மட்டும் போகாது, ஒரு மனிதரின் வாழ்க்கையும் போகும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது என்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவும் அதேபோல் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் குற்றம். நிபுன் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பெயரை மறைத்தால் போதாது, அவரை யாரென்று கண்டுகொள்ள உதவும் எந்தத் தகவலும் வரக் கூடாது என்பது. ஆகவே அம்மாவின் முகத்தைக் காட்டிவிட்டு மகளின் முகத்தை மறைப்பது மறைப்பே ஆகாது. இந்தத் தவறு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நடக்கிறது. அம்மாவுக்குப் பேச விருப்பம் இருக்கும், நன்றாகவும் பேசுவார், படக்குழுவுக்கும் மனம் இளகிவிடும்.

குழந்தை காப்பகத்தில் இருந்தால், காப்பகக் கண்காணிப்பாளர் "எடுத்துக்கோங்க" என்று சொல்வது அனுமதி ஆகாது. குழந்தைகள் நலக் குழுவிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மும்பையில் டோங்ரி, மான்குர்த் காப்பகங்களுக்குக் கேமராவோடு நேராகப் போய் நிற்பதால் எந்தப் பயனும் இல்லை. அனுமதி கிடைத்தாலும், குழந்தையைப் படத்தில் சேர்க்காமல் முடிக்க முடியுமா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

மும்பையின் பாலியல் தொழில் பகுதியான காமாட்டிபுரா பற்றி ஒன்று. மும்பையில் எடுக்கப்படும் கடத்தல் படம் எதுவாக இருந்தாலும் அந்தச் சந்துகளின் கம்பி ஜன்னல்களில் தொடங்கியாக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அங்கே வாழும் பெண்கள் எல்லாரும் கடத்தி வரப்பட்டவர்கள் இல்லை. அவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊரில் உறவினர்கள் இருக்கிறார்கள். போலீஸ் ரெய்டில் கூடவே போய்ப் படமெடுப்பதை முற்றிலும் கைவிட வேண்டும். புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், கைது, ரெய்டு, மீட்பு எதுவானாலும், அந்தப் பெண் பாதிக்கப்பட்டவரோ குற்றம் சாட்டப்பட்டவரோ, அடையாளம் தெரியும் படம் வெளிவரக் கூடாது என்று உத்தரவிட்டது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறும் பெண்ணின் காட்சி எந்த விழிப்புணர்வையும் தருவதில்லை. அவமானத்தைப் பதிவு செய்வதோடு சரி.

இன்னொரு கடமையும் உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிய வந்தால், போக்சோ 19ஆவது பிரிவின்படி எவரும் போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். ஊடகத்தினருக்கும் ஸ்டூடியோக்களுக்கும் 20ஆவது பிரிவில் தனிப் பொறுப்பே வைத்திருக்கிறார்கள். "இது ரகசியம்னு வாக்கு கொடுத்துட்டோமே" என்பது செல்லாது. அதனால்தான் பேட்டி தொடங்கும் முன்பே, எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேசுபவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வழக்கு நடக்கும்போது

மீட்கப்பட்டவர் நீதித்துறை நடுவர் முன் கொடுக்கும் வாக்குமூலம் (இப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 164) வழக்கின் முதுகெலும்பு. அதற்கு முன்னால் நீங்கள் எடுத்த பேட்டியில் "செவ்வாய்க்கிழமை வந்தேன்" என்று இருந்து, வாக்குமூலத்தில் "புதன்கிழமை" என்று இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். முந்தைய கூற்றைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு உரிமை இருக்கிறது. மூலப் பதிவுகளைக் கொண்டுவா என்று நீதிமன்றம் சம்மன் அனுப்ப அதே சன்ஹிதாவின் 94ஆவது பிரிவு இருக்கிறது. மறுக்க இந்தியாவில் ஆவணப்படக்காரர்களுக்கென்று தனிச் சட்டப் பாதுகாப்பு ஏதும் இல்லை.

ஆகவே அவர் சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணையும் முடிந்த பிறகே சம்பவம் பற்றிய பேட்டி. ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றால், அதுவரை வேறு எடுங்கள்: வக்கீல், தொழிலாளர் துறை அதிகாரி, ரயில் பாதை, மீட்புக்குப் பின் வரவேண்டிய பணம் வந்ததா என்ற தேடல். இந்தக் கடைசி விஷயத்தையே ஒரு முழுப் படமாக எடுக்கலாம். மத்திய அரசின் கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானவருக்கு 3 லட்சம் என்று இருக்கிறது. கைக்கு உடனே வருவது 30,000 ரூபாய் வரைதான். மீதிப் பணம் வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. விடுதலைச் சான்றிதழ் என்ற ஒரு தாள் இல்லையென்றால் எதுவுமே நகராது. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, மாவட்டவாரியாக, ஆண்டுவாரியாக மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை சான்றிதழ் கொடுத்தீர்கள், எத்தனை பேருக்கு முதல் தொகை போனது, எத்தனை பேருக்கு முழுத்தொகை போனது. 30 நாளில் பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அந்தக் கடிதப் போக்குவரத்தும் படத்துக்குள் வரட்டும்.

பேசியதற்குப் பணம் கொடுக்கக் கூடாது. "காசு வாங்கிக்கிட்டுத்தானே பேசினாங்க" என்று நீதிமன்றத்தில் அதையே திருப்புவார்கள். ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து வருபவருக்கு அந்தக் கூலியையும் பயணச் செலவையும் சாப்பாட்டையும் கொடுப்பது நியாயம். எல்லாருக்கும் ஒரே கணக்கு, எல்லாவற்றுக்கும் ரசீது.

பேட்டி எடுக்கும் முறை

ஒரு நாளைக்கு ஒருவர். 40 நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். பெண்ணிடம் பெண்ணே பேசட்டும். மூன்று பேருக்கு மேல் அறையில் வேண்டாம். தாராவியின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அதற்கு மேல் இடமும் கிடையாது. மனநல ஆலோசனை தரும் ஒரு ஆற்றுப்படுத்துநர் கேமராவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அவர் செலவைத் தயாரிப்புத் திட்டத்தில் கேமரா வாடகைக்கு முன்னால் எழுதுங்கள், பின்னால் எழுதினால் காசு தீர்ந்துபோகும். நிறுத்த ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். கை தூக்கினால் கேமரா நிற்க வேண்டும், "ஒரு நிமிஷம், இதை மட்டும் முடிச்சிடலாம்" என்று சொல்லக் கூடாது.

"உனக்கு என்ன நடந்தது?" என்று ஆரம்பிப்பவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. வேலையைப் பற்றிக் கேளுங்கள். "தம்பி, காலையில எத்தனை மணிக்கு எழுப்புவாங்க?" "போன் யார்கிட்ட இருக்கும்?" "அக்கா, ஊர்ல பேசுனப்ப எவ்வளவு தர்றதா சொன்னாங்க, இங்க வந்து எவ்வளவு ஆச்சு?" "டிக்கெட் யார் எடுத்தது?" இப்படிக் கேட்டால் பேசுபவர் தனக்குத் தெரிந்த விஷயத்தை விளக்கும் நிபுணர் ஆகிறார், குரல் நிமிர்கிறது. கடத்தலின் முறையும் முழுசாக வெளியே வந்துவிடுகிறது. அடித்ததையும் அதைவிட மோசமானதையும் அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், துருவாதீர்கள். முடிக்கும்போது இன்றைய வாழ்க்கையில் முடியுங்கள்: இப்போது என்ன வேலை, மாலையில் யாரோடு பேசுவீர்கள், அடுத்த வாரம் என்ன இருக்கிறது. கேமராவை மூடியதும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். மறுநாள் ஆற்றுப்படுத்துநர் போனில் பேச வேண்டும்.

சம்மதத்தை மூன்று முறை வாங்க வேண்டும்: எடுக்கும் முன், முதல் தொகுப்பை (ரஃப் கட்) பார்த்த பின், வெளியிடும் முன். அரங்கத் திரையிடல், திரைப்பட விழா, யூடியூப், சமூக வலைத்தளத் துணுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். அரங்கில் 80 பேர் பார்க்கச் சம்மதித்தவர், தன் ஊர் வாட்ஸப் குழுவில் வரச் சம்மதித்ததாக ஆகாது. படத்தொகுப்பு பூட்டப்படும் நாள் வரை காரணம் சொல்லாமல் விலகலாம் என்று எழுதிக் கொடுங்கள். அவர் பகுதி இல்லாமலும் படம் நிற்கும்படி தொகுத்து வையுங்கள். ஒரே ஒருவர் பேட்டியை நம்பி நிற்கும் படம் அவரை விலக விடாது.

முகமும் குரலும்

மங்கலாக்குவதை நம்பாதீர்கள். ஒரு ஃப்ரேமில் எடிட்டர் தவறவிட்டால் போதும், யாராவது நிறுத்திப் படம் பிடித்துவிடுவார். மொசைக் கட்டங்கள் பல ஃப்ரேம்களில் நகர்வதை வைத்து முகத்தை ஓரளவு மீட்கவும் முடியும். பிறகு மறைத்துக்கொள்ளலாம் என்று முகத்தைப் பதிவு செய்யவே கூடாது. ஹார்ட் டிஸ்கில் இல்லாத முகத்தை யாரும் திருட முடியாது, எந்தச் சம்மனும் கேட்க முடியாது.

ஜன்னலைப் பின்னால் வைத்து நிழலுருவாக எடுப்பது வழக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. இன்றைய கேமராக்கள் 13, 14 ஸ்டாப் வரை (ஒளி இருமடங்காகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்) ஒளி வேறுபாட்டைப் பதிவு செய்கின்றன. நிழல் விவரங்களையும் தேக்கிவைக்கும் லாக், ரா பதிவு முறைகளில் எடுத்தால், மானிட்டரில் கறுப்பாகத் தெரிந்த முகம் கலர் கிரேடிங்கில் 5 ஸ்டாப் தூக்கியதும் கண், மூக்கு எல்லாம் தெரிய எழுந்து வந்துவிடும். ஆகவே இந்தப் பேட்டிக்கு லாக் வேண்டாம்; டிவிக்கான சாதாரண வண்ண முறையான ரெக்.709, 8 பிட் போதும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். கேமரா பக்கம் இருக்கும் வெள்ளைச் சுவரிலிருந்து வெளிச்சம் முகத்தில் திரும்பி அடிக்கும்; ஆறடிக் கறுப்புத் துணி ஒன்றைக் கட்டி அதைத் தடுங்கள். பத்து வினாடி எடுத்து, அதே இடத்தில் லேப்டாப்பில் போட்டு, டாவின்சி ரிசால்வ் என்ற கலர் கிரேடிங் மென்பொருளில் லிஃப்டையும் காமாவையும் (இருண்ட, நடுத்தர ஒளிப் பகுதிகளைக் கூட்டுபவை) கடைசி வரை ஏற்றிப் பாருங்கள். முகம் தெரிந்தால் பேட்டி தொடங்கக் கூடாது. இந்தச் சோதனை ஐந்து நிமிட வேலைதான். ஆனால் படமெடுக்கும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். இதைவிட எளிது, முதுகுப் பக்கமிருந்து எடுப்பது, அல்லது சுவரில் விழும் நிழலை மட்டும் எடுப்பது. அப்போதும் காதுத் தோடு, பச்சை குத்தியது, கூந்தல் முடிந்த விதம், நடை எல்லாம் பாருங்கள். ஒரு பொதுவான சால்வை எப்போதும் பையில் இருக்கட்டும்.

பின்புலமும் பேசும். கதவில் எழுதிய வீட்டு எண், ரேஷன் கடைப் பலகை, பள்ளிச் சீருடை, ஊர் நகைக்கடையின் தினசரிக் காலண்டர். மதுரைப் பக்கம் எடுத்தால் யானைமலை ஜன்னலில் தெரிந்தாலே ஊர் தெரிந்துவிடும்.

குரலை இரண்டு, மூன்று சுரம் கீழே இறக்குவது மறைப்பு ஆகாது. அதே அளவு மேலே ஏற்றினால் பழைய குரல் வந்துவிடும். வேறொருவரைப் பேச வைப்பதே சரி. ஆனால் தமிழில் இன்னொரு சிக்கல்: பேச்சு வழக்கே ஊரைச் சொல்லிவிடும். தாராவியில் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உசிலம்பட்டிப் பேச்சு இரண்டாவது வாக்கியத்தில் பிடிபடும். எழுத்தில் வடித்த பேட்டியை, ஊர் தெரியாத பொதுப் பேச்சுத்தமிழில், பேசியவரின் ஒப்புதலோடு மாற்றி எழுத வேண்டும். மூலக் குரலில் எங்கே நின்றார், எங்கே பெருமூச்சு விட்டார் என்பதை நேரக் குறிப்போடு குறித்துவைத்து, பேசும் கலைஞர் அதே இடங்களில் நிற்க வேண்டும். நாடகமாக அழக் கூடாது. "குரல் மாற்றப்பட்டது, சொல்லும் செய்தி அவருடையது" என்று திரையில் ஒரு வரி. ஒலிக்காக ஒரு மும்பைக் குறிப்பு: ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரக் கூரை அறையில் பேட்டி வைக்காதீர்கள். மழைச் சத்தம் 24 பிட் பதிவையும் விழுங்கிவிடும்; திரும்பப் பேச வைப்பதற்கு, அதாவது அந்தக் கதையை அவரை மறுபடி வாழ வைப்பதற்கு, நமக்கு உரிமை இல்லை.

கோப்புகளுக்கு வருவோம். கிளாப் போர்டில் பெயர் எழுதாமல் குறியீடு எழுதுங்கள். எந்தக் குறியீடு யார் என்ற பட்டியல் கணினியில் வேண்டாம், தாளில், வேறொரு வீட்டில். போனில் எடுத்தால் இருப்பிடப் பதிவை முதலில் அணையுங்கள். ஏற்றும் முன் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் மெட்டாடேட்டாவை (கோப்புக்குள் பதிந்திருக்கும் இடம், நேரம் போன்ற தகவல்களை) நீக்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் முழுவதும் வெராகிரிப்ட் போன்ற குறியாக்க மென்பொருள் ஒன்றில் பூட்டியிருக்க வேண்டும். மெமரி கார்டை ஃபார்மட் செய்தால் அழிந்தது என்று நினைக்காதீர்கள். மீட்பு மென்பொருளில் பாதி திரும்பி வரும். முழுவதும் மேலெழுதினால்தான் போகும்.

மறைத்துவைத்து எடுக்கும் ரகசிய கேமரா இந்தத் துறையில் அபூர்வமாகத்தான் தேவை. சிறுவனையோ மீட்கப்பட்டவரையோ தூண்டிலாக அனுப்புவது எந்த நிலையிலும் கூடாது. ஏஜென்ட் ஒருவரின் பேரம் கையில் கிடைத்தால் அதை முதலில் போலீஸிடமோ ஒரு வக்கீலிடமோ கொண்டுபோங்கள். படம் காத்திருக்கும், பட்டறையில் இருக்கும் பையன் காத்திருக்க முடியாது. ரயில்வே வளாகத்தில் படமெடுக்க முன் அனுமதி வேண்டும். அதே மனுவோடு ரயில்வே பாதுகாப்புப் படையின் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவிடம் பேட்டியும் கேட்டுவிடுங்கள்; பிளாட்பாரத்தில் எதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறார்கள் என்று அவர்கள் சொல்வது படத்தின் நல்ல ஐந்து நிமிடம்.

மியான்மரின் மியாவாடி, கம்போடியா போன்ற இடங்களின் இணைய மோசடிக் கூடங்களுக்கு டேட்டா என்ட்ரி வேலை என்று போய் மாட்டிய தமிழ் இளைஞர்களைப் பற்றிப் படம் எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அங்கே இரையானவரையே குற்றம் செய்ய வைக்கிறார்கள். "நானும் நூறு பேரை ஏமாத்தினேன் அண்ணே" என்று அவர் கேமராவில் சொல்வது அவருக்கு எதிரான சாட்சியாக மாறலாம். வக்கீல் இல்லாமல் அந்தப் பேட்டி வேண்டாம். காட்ட வேண்டியது டெலிகிராமில் வந்த வேலை விளம்பரம், சுற்றுலா விசா முத்திரை, அந்த ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்கான அரசின் ஈமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று தேடிப் பார்க்கும் இரண்டு நிமிடம்.

திரையிடுவது

விழிப்புணர்வுப் படம் என்றால் 22 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. திரைப்பட விழாவுக்கு 60 நிமிடப் பதிப்பு தனியாக இருக்கட்டும். பொது இடத்தில் திரையிட 1952ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ஆவணப்படத்துக்கும் விலக்கு இல்லை, இலவசக் காட்சி என்றாலும் கேட்பார்கள். 2023 திருத்தத்துக்குப் பின் யுஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பள்ளிகளில் காட்ட நினைத்தால் 13க்கு மேல் போகாதபடி தொகுங்கள்.

காட்ட வேண்டிய இடம் இரண்டு முனையிலும் இருக்கிறது. ஊரில், முழு ஆண்டுத் தேர்வு முடியும் முன். பள்ளி விடுமுறையில்தான் "சும்மா இருக்கானே, ரெண்டு மாசம் வந்துட்டுப் போகட்டும்" என்ற பேச்சு எழும். மும்பையில், தாராவித் தமிழர்களின் சங்கக் கூடங்கள், கோயில் மண்டபங்கள், மகளிர் குழுக்கள். பட்டறை முதலாளிகளில் தமிழர்களும் உண்டு என்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் படத்தை யாரும் நம்ப மாட்டார்கள். ஏஜென்டே வந்து மூன்றாவது வரிசையில் உட்காரலாம் என்று எண்ணியே கேள்வி நேரத்தை நடத்த வேண்டும்: எவரையும் எழுப்பி "உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?" என்று கேட்கக் கூடாது. 1098 (குழந்தைகள் உதவி), 181 (பெண்கள் உதவி), 112 (அவசர உதவி) என்ற எண்களைப் படத்தின் முடிவில் மட்டும் போடாமல், ஆரம்பத்திலும் போட்டு, சட்டைப் பையில் போகும் சின்னச் சீட்டாகவும் கொடுங்கள். கூட்டம் கலைந்த பின் யாராவது ஒருவர் தயங்கி நிற்பார். அவரோடு பேச ஆற்றுப்படுத்துநர் அங்கேயே இருக்க வேண்டும். கேமரா அந்த நேரத்தில் பையில் இருக்க வேண்டும்.

வெளியீட்டுக்குப் பிறகும் வேலை இருக்கிறது. யூடியூப் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும். பேசியவரிடமிருந்து நீக்கச் சொல்லி அழைப்பு வந்தால் அன்றைக்கே நீக்க ஒருவராவது எப்போதும் தயாராக இருக்க வேண்டும். கருத்துப் பகுதியை மூடியே வையுங்கள், "இவன் நம்ம தெரு பையன்தானே" என்ற ஒரு வரி அத்தனை மறைப்பையும் கலைத்துவிடும். மூலப் பதிவுகள் வழக்குக்குத் தேவைப்படக் கூடும் என்றால், எடுத்த அன்றே ஹாஷ் எண்ணை (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு எழுதிவையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழில் அதைக் கேட்பார்கள். வழக்கு, மேல்முறையீடு எல்லாம் முடிந்ததும் எந்த மாதத்துக்குள் அழிப்போம் என்பதைச் சம்மதத் தாளிலேயே எழுதி, அழித்த பிறகு பேசியவருக்குத் தெரிவியுங்கள்.